இருட்டறைக்கு வெளியே இன்னாசியம்மா

காலையில் வந்ததும் இன்னாசியம்மா கதவுக்கு எண்ணெய் விடுகிறார். விளக்கெண்ணெய், வீட்டிலிருந்து சின்னக் குப்பியில் கொண்டுவருவது. கோழி இறகில் தொட்டுக் கீல்களில் தடவிவிட்டுக் கதவை மெல்லத் திறந்து மூடுவார். காதை மரத்தோடு ஒட்டிவைத்துக் கேட்பார். திருப்தி வந்தால்தான் குப்பிக்கு மூடி. பிறகு கிணற்றடிக்குப் போய் ராட்டினத்துக்கும் அதே வைத்தியம்.

சேலத்தில் பெண்களுக்கென்று இருக்கும் ஓர் ஆஸ்பத்திரியில் அவர் ஆயா. ஐம்பதைத் தாண்டியவர், குட்டையான உருவம், அகலமான பாதங்கள். கழுத்தில் கிடக்கும் சிலுவை ஜாக்கெட்டுப் பொத்தானில் பட்டு ஒலிக்கும் என்று அதைத் துணிக்குள் வைத்துத் தைத்துவிட்டார். வாளிகளின் அடியில் சாக்கு கட்டியிருக்கிறார். கிராமத்திலிருந்து வண்டி வந்து நின்றால் இறங்குகிற ஆட்களைப் பார்ப்பதற்கு முன் மாடுகளிடம் போகிறார். கழுத்து மணிக்குள் வைக்கோலைத் திணித்துவிட்டுத்தான் மறுவேலை.

“ஏனுங்கம்மா, மாட்டுக்குமா ஜன்னி?” என்று ஒரு வண்டிக்காரர் கேட்டார்.

“மாட்டுக்கு இல்லீங்க. டாக்டரம்மா சத்தம் கேட்டு வெளிய வந்தா உங்களுக்கு வந்துரும்” என்றார்.

இதையும் மெதுவாகத்தான் சொன்னார். அவருக்கு வேறு குரல் கிடையாது. கடைவீதியில் காய் வாங்கும்போதும் அதே குரல். கத்திரிக்காய்க்காரி தராசைக் கீழே வைத்துவிட்டு எட்டிக் குனிய வேண்டியிருக்கிறது. “ஏம்மா, காய்க்குக் கேட்டுரும்னு பயமா?” என்று அவள் தினமும் கேட்கிறாள். இன்னாசியம்மா தினமும் சிரிக்கிறார்.

அவருடைய வீட்டுக்காரர் கஸ்பார் கோயில் பாண்டில் பெரிய டிரம் வாசிக்கிறவர். தேர்த் திருவிழா, கல்யாணம், சாவு எதுவானாலும் கஸ்பார் உண்டு. “அவரு ஊரைக் கூட்டறவரு, நான் ஊரை அமத்தறவ. ஊட்டுல சண்டையே இல்லீங்க. அவருக்குக் காது கேக்காது, எனக்கு வாய் எழாது” என்பார்.

இது வெறும் பழக்கம் அல்ல. அவருடைய உத்தியோகமே இதுதான். பிரசவ வார்டின் கோடியில் ஓர் அறை இருக்கிறது. ஜன்னல்களில் கறுப்புக் கம்பளி அடித்திருக்கும். கர்ப்பத்தில் ஜன்னி கண்ட பெண்களை அதில்தான் கிடத்துகிறார்கள். இந்த நோய்க்கு முதலில் கால் வீங்கும், பிறகு முகம். தலைவலி வரும், கண் மங்கும். எங்கள் பக்கத்து ஊர்களில் ‘நீர் ஏறியிருக்குது, பெத்தா எறங்கிரும்’ என்று சொல்லி விட்டுவிடுவார்கள். ஒரு நாள் வலிப்பு வந்து கண் செருகும்போதுதான் வண்டி கட்டுவார்கள். ஒரு முறை வலிப்பு கண்ட பெண்ணுக்குச் சின்ன வெளிச்சமும் சின்னச் சத்தமும் அடுத்த வலிப்பைக் கொண்டுவந்துவிடும். ஊசி மருந்து இருக்கிறது, தூங்கவைக்க மருந்து இருக்கிறது. ஆனால் அவை வேலை செய்யும்வரை அவள் இருட்டில், அமைதியில் கிடக்க வேண்டும். மருந்து டாக்டரம்மாளின் பொறுப்பு. அமைதி இன்னாசியம்மாவின் பொறுப்பு.

உள்ளே போனால் அவருக்கு வேறு வேலைகளும் உண்டு. வலிப்பு வரும்போது நாக்கு கடிபடாமல் துணி சுற்றிய கட்டையைப் பற்களுக்கிடையே கொடுப்பது, நுரை தொண்டைக்குள் போகாதபடி ஒருக்களித்துப் பிடிப்பது, மூச்சின் ஓட்டம் மாறினால் நர்ஸை அழைப்பது. அழைப்பது என்றால் குரல் கொடுப்பதல்ல. ஒரு நூல் கயிறு அறையிலிருந்து நர்ஸின் மேஜைவரை போகிறது. மறு நுனியில் ஒரு துணிப் பொம்மை தொங்குகிறது. கயிற்றை இழுத்தால் பொம்மை ஆடும்; நர்ஸ் எழுந்து வருவார்.

நான் மின்சார வேலை படித்தவன். மேட்டூரில் இருந்தேன். இப்போது சேலத்தில், கட்டடங்களுக்குக் கம்பி பதிக்கும் காண்டிராக்டரிடம் மேற்பார்வை பார்க்கிறேன். அந்த ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டுக்குக் கம்பி பதிக்கும் வேலை வந்தபோது வேறு ஒருவருக்குப் போக இருந்ததை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

என் அம்மா போன ஆடியில் அந்த அறையில் இறந்தார்.

நான் தலைப்பிள்ளை. எனக்குப் பிறகு இரண்டு பிறந்து தங்கவில்லை. நெடுங்காலம் கழித்து, நான் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு, அம்மா மறுபடி கர்ப்பமானார். என்னிடம் சொல்ல வெட்கப்பட்டு அப்பாவிடம் சொல்லி அனுப்பினார். கால் வீங்கியதை யாரும் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. மேச்சேரிக்கு மேற்கே எங்கள் ஊரிலிருந்து அவரைச் சேலத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்ற தகவல்தான் வந்தது. யுத்த காலம், பெட்ரோல் இல்லாத கரி பஸ். ஓமலூரில் நின்றுவிட்டது. அடுப்பைக் கிளறி ஊதி அது மறுபடி மூச்சு விடும்வரை காத்திருந்து போய்ச் சேர்ந்தேன்.

வராந்தாவில் உறவுக்காரர்கள் எனக்காகக் காத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உயிர் ஊசலாடும்போது இரத்த சொந்தம் ஒருவர் காதருகே உரக்கக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் போகிற உயிர் நின்று திரும்பிப் பார்க்கும் என்பார்கள். தாய்க்கு மூத்த மகன் கூப்பிட வேண்டும். அதற்காகத்தான் என்னை வரவழைத்திருந்தார்கள்.

அறைக்குள் விடவில்லை. வராந்தாத் தூண் அருகே நின்று வாயைத் திறந்தேன். ஒரு கை வந்து பொத்தியது. விளக்கெண்ணெய் வாசனை. அந்தக் கைக்குள்ளேயே ‘அம்மா’ என்றேன். கை விலகவில்லை. பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வயிற்றில் இருந்ததும் பிழைக்கவில்லை.

“மூத்தவன் கூப்பிட்டிருந்தா திரும்பியிருப்பா” என்று அத்தை இன்றுவரை சொல்கிறார். நான் படித்தவன், அதை நம்பவில்லை. அன்று இரத்தம் மூளைக்குள் கசிந்திருந்தது, நுரையீரலில் நீர் கோத்திருந்தது என்று டாக்டரம்மாள் எனக்கு விளக்கினார். புரிந்தது. நான் தெரிந்துகொள்ள விரும்பியது வேறு. நான் வந்துவிட்டேன் என்பது அம்மாவுக்குத் தெரிந்ததா? அதைச் சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான். அந்த நேரத்தில் அறைக்கும் வராந்தாவுக்கும் நடுவே நின்றவர்.

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. என் சுத்தியலைத்தான் தெரிந்தது.

“தம்பி, இது ஆகாதுங்க.”

“சுவரில துளை போடாம கம்பி எப்படிங்க போகும்?”

“உள்ள ஆளில்லாதப்ப போடுங்க. ஆளிருந்தா நீங்க மனுசங்கூட இல்ல, பூனை.”

ஆகவே அறையில் ஆள் இருக்கும் நாட்களில் எனக்கு வேலை இல்லை. வராந்தாவில் உட்கார்ந்து, கம்பி ஓடப்போகும் மரச் சட்டங்களை உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டிருப்பேன். அதற்கும் ஒரு நாள் தடை வந்தது. பிறகு சும்மா உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்விட்சிலும் தகராறு. தட்டினால் ‘டக்’ என்கிறதாம். அதை அறைக்கு வெளியே, சுவரின் மறுகோடிக்கு மாற்றினேன். பல்பு கண்ணைக் குத்துகிறது என்றார். “திரியை எறக்கி வச்ச சிம்னி மாதிரி இருக்கணுங்க” என்றார். மின்சாரத்துக்குத் திரி இல்லை. யோசித்து இரண்டு பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியில் கோத்தேன். ஒன்று அறையில், ஒன்று வராந்தாவில். இரண்டும் செம்மண் நிறத்தில் மங்கி எரிந்தன. அதன் கீழே தன் கையை நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது போதுங்க. ரேகை தெரியல, கை தெரியுது” என்றார்.

கேட்டுவிடலாம் என்று அன்று நினைத்தேன். அப்போதுதான் மல்லசமுத்திரத்திலிருந்து பாவாயி வந்து சேர்ந்தாள்.

தலைப்பிரசவம். இருபது வயதுகூட இருக்காது. பருத்தி மூட்டை ஏற்றி வந்த லாரியில் மூட்டைகளுக்கு நடுவே படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். முகம் ஊதி இமை திறக்காமல் இருந்தது. வளையல்கள் கையில் புதைந்திருந்தன. வழியிலேயே வலிப்பு வந்து நாக்கு கடிபட்டிருந்தது. வலிப்பு என்றால் இரும்பைக் கையில் கொடுப்பது வழக்கம். அவளுடைய விரல்களுக்குள் ஒரு பெரிய சாவி இறுகியிருந்தது. இன்னாசியம்மா ஒவ்வொரு விரலாகப் பிரித்துச் சாவியை எடுத்து அவள் புருஷன் நாச்சிமுத்துவிடம் கொடுத்தார்.

“இது பூட்டைத் தொறக்குங்க, நோவைத் தொறக்காது. இந்த மாதிரி ஒருத்தரு சாவிய இங்கயே உட்டுட்டுப் போயி, நெல்லுக் குதிரைத் தொறக்க முடியாம ஊரே பட்டினி கெடந்துது. மடியில வச்சுக்கங்க.”

நாச்சிமுத்து வாங்கி மடியில் முடிந்துகொண்டான். சண்டைக்கு வந்தது பாவாயியின் தாய் ஆத்தாயி.

“உட்டு நகரு. நான் கூப்பிடணும்.”

“உள்ள கூப்பிடக் கூடாதுங்க.”

“என்ற புள்ளைய நான் கூப்பிடக் கூடாதுன்னு சொல்ல நீ யாரு? பெத்தது நீயா நானா?”

“நீங்கதானுங்க. கூப்பிடுங்க, வேண்டாங்கல. இங்க வேண்டாம்.”

“பின்ன எங்க நின்னு கூப்பிடறது, சந்தையிலயா?”

ஆத்தாயியின் குரல் வராந்தாவின் கூரை வரை போய் வந்தது. இன்னாசியம்மா அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டார். வாயைப் பொத்தவில்லை.

“ஏனுங்க ஆத்தா, உசிரு போகுதுன்னா எந்த வழியாப் போகும்? ஜன்னல்ல கம்பளி அடிச்சிருக்குது. அந்தப் பக்கம் போக முடியாது. வாசல் வழியா, வராந்தா வழியா, கேட்டைத் தாண்டித்தானே போகணும்? நீங்க இங்க நின்னு கத்துனா அது உங்களைத் தாண்டிப் போயிரும். கேட்டுல போயி நில்லுங்க. வந்தா மறிச்சுக் கூப்பிடுங்க.”

ஆத்தாயி அதை யோசித்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.

கேட்டுக்கும் அந்த அறைக்கும் நடுவே முழு ஆஸ்பத்திரியும் இருக்கிறது. ஆத்தாயி கேட்டின் நடுவில் ரோட்டுக்கு முதுகு காட்டி நின்று, இரண்டு கைகளையும் விரித்து, ஆஸ்பத்திரியைப் பார்த்துக் கூப்பிடத் தொடங்கினார்.

“பாவாயீ! நில்லு சாமி! அக்கட்டால போவாத! அம்மா இங்கிருக்கறேன், திரும்பு கண்ணு!”

ஜட்காக்காரர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். “யாருங்க ஓடிவாரது? நாங்களும் புடிக்கட்டுமா?” என்று ஒருவர் கேட்டார். “நீ ஒதுங்கு, வழியில நிக்காத” என்றார் ஆத்தாயி. அந்த ஆள் உண்மையாகவே ஒதுங்கினார். ஆத்தாயி தொண்டை கட்டும்வரை கூப்பிட்டார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கூப்பிட்டார்.

“நீங்க இதை நம்பறீங்களா?” என்று இன்னாசியம்மாவிடம் கேட்டேன்.

“அவிகளுக்கு நிக்கறதுக்கு ஒரு எடம் வேணுமில்லீங்களா? பெத்தவளச் சும்மா ஒக்காருன்னு சொன்னா எப்படி ஒக்காருவா?”

எனக்கு அப்படி ஓர் இடம் கிடைக்கவில்லை. அன்று அதற்கு நேரமும் இல்லை. இதை அவரிடம் சொல்லவில்லை.

அந்த நாட்களில் இன்னாசியம்மா வீட்டுக்குப் போகவில்லை. கஸ்பார் சோறு கொண்டுவந்தார். டிரம் வாசிக்கிற அந்தப் பெரிய மனிதர் ஆஸ்பத்திரி எல்லையைத் தொட்டதும் நுனிக்காலில் நடந்தார். தூக்குச்சட்டியைத் துண்டில் சுற்றியிருந்தார். துணிப் பொம்மை அடிக்கடி ஆடியது. நர்ஸ் எழுந்து போவார், டாக்டரம்மாள் போவார், ஊசி போகும், ஒரு முறை அழுத்தம் குறையப் பாவாயியின் கையைக் கீறிக் கிண்ணத்தில் இரத்தம் இறக்கினார்கள். அப்புறம் பொம்மை ஆடுவது குறைந்தது. அப்புறம் ஆடவில்லை. ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை; பஞ்சில் சுற்றினால் பஞ்சுதான் தெரியும். ஆனால் அழுதது. ஆஸ்பத்திரியில் இன்னாசியம்மா தடுக்காத சத்தம் அது ஒன்றுதான்.

பாவாயி கண் விழித்த பிறகு பொது வார்டுக்கு மாற்றினார்கள். நான் அந்த வார்டில் ஏணிமேல் நின்று சட்டம் அடித்துக்கொண்டிருந்தேன். ஆத்தாயிக்குக் குரல் போய்விட்டது. காற்று மட்டும் வந்தது. அந்தக் காற்றாலேயே ஒவ்வொரு கட்டிலிலும் போய்த் தான் மறித்த கதையைச் சொன்னார்.

நாச்சிமுத்து மனைவியிடம் குனிந்து கேட்டான்: “அம்மா கூப்பிட்டது உனக்குக் கேட்டுதா அம்முணி?”

“எதுவும் நெனப்பில்லீங்க மாமா. ஊட்டுல அரிசி பொடைச்சுட்டிருந்தேன், தலை நொந்துது. இப்ப இங்க கெடக்கறேன். நடுவுல ஒண்ணுமே இல்லீங்க.”

“லாரியில வந்தது?”

“லாரியிலயா வந்தோம்?” பாவாயி உண்மையான ஆசையோடு கேட்டாள். “நான் லாரியே ஏறினதில்ல.”

“அவ நெனப்புக்கு என்ன தெரியும்? உசுருக்குத் தெரியும்” என்றார் ஆத்தாயி, காற்றுக் குரலில். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஆணியைத் தவறவிட்டேன்.

நடுவில் ஒன்றுமே இல்லை. அப்படியானால் என் அம்மாவுக்கும் நடுவில் ஒன்றும் இருந்திருக்காது. பஸ் நின்றது, நான் வந்தது, தூண், கைக்குள் சொன்ன சொல் எதுவும். ஏணியிலிருந்து இறங்கி நேராக இருட்டறைக்குப் போனேன்.

அறை காலியாக இருந்தது. இன்னாசியம்மா கட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தார். மத்தியான வெயில் கதவு வழியே பாதித் தரைவரை வந்திருந்தது.

“எங்கம்மா இந்த ரூம்லதாங்க இருந்தாங்க. போன ஆடியில.”

துணியைப் பிழிந்து வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அதுவரை அவர் என் முகத்தை அப்படிப் பார்த்ததில்லை.

“எந்த ஊருங்க?”

“மேச்சேரிக்கு மேக்க. பேரு பொன்னாயி.”

பேரை மனதுக்குள் சொல்லிப்பார்த்தார். உதடு அசைந்தது.

“நெனப்பு வரலீங்க சாமி. பொய் சொல்லக் கூடாது. இருட்டுல மொகம் தங்கறதில்ல.”

“நான் வந்தது அவங்களுக்குத் தெரிஞ்சுதான்னு உங்ககிட்டக் கேக்கலாம்னு இருந்தேன்.”

“கூப்பிட்டீங்களா?”

“நீங்க வாயைப் பொத்திட்டீங்க.”

“ஆமா. பொத்தியிருப்பேன்.” அதற்கு அவர் வருத்தப்படவும் இல்லை, நியாயம் சொல்லவும் இல்லை.

“உங்க கைக்குள்ளயே சொன்னேன். அம்மான்னு.”

“எங்க நின்னீங்க?”

வராந்தாவில் தூணைக் காட்டினேன். அவர் தூணைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். வாளியை ஓரமாக நகர்த்தினார்.

“படுங்க.”

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

“அவிக படுத்த மாதிரி படுங்க. தலை இங்கிட்டு.”

படுத்தேன். ஈரம் காயாத கட்டில். அவர் வெளியே போய்க் கதவை மூடினார். மூடியதே தெரியவில்லை, வெயில் போனதில்தான் தெரிந்தது.

முதலில் என் மூச்சு மட்டும் கேட்டது. அதை அடக்கினேன். வார்டின் இரைச்சல் எங்கோ கிணற்றுக்குள் இருப்பதுபோல் இருந்தது. பிறகு, தூண் பக்கமிருந்து, கதவின் மரத்தைக் கடந்து, உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்ன ஒரு வயதான பெண்ணின் குரல்.

“அம்மா.”

கேட்டது.

கைகளால் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தேன். என்னிடமிருந்து என்ன சத்தம் வந்தது என்று எனக்குத் தெரியாது. கதவடியில் கோடாகத் தெரிந்த வெளிச்சத்தில் அவருடைய நிழல் திரும்பி வந்து நின்றது. கதவு திறக்கவில்லை.

வராந்தாவில் செருப்புச் சத்தம் நெருங்கியது. கம்பவுண்டர் மணியனின் குரல்: “இன்னாசியம்மா, ரூம் காலிதானே? கட்டில அந்த வார்டுக்கு எடுத்துறலாமா?”

“காலியில்லீங்க.” பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற குரல். “ஆளு இருக்குது. செருப்பைக் கழட்டிட்டுப் போங்க.”

மணியன் திரும்பிப் போனது எனக்குக் கேட்கவில்லை. கதவடியில் அந்த நிழல் மட்டும் நகராமல் நின்றது.